பழைய வீடு, நான்கு குடித்தனம்: இடிக்கவா, சீர்செய்யவா?

எல்லோருக்கும் வணக்கம். நான்கு குடும்பங்கள் வாடகைக்கு இருக்கும் எங்கள் பழைய மாடி வீட்டைப் புதுப்பிக்க வேண்டும். ஒப்பந்ததாரர் ஒருவர் இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டலாம் என்கிறார். எனக்கு மனமில்லை. நான்கு வீட்டிலும் நான்கு மொழி பேசுகிறார்கள் (எங்கள் தெருவே அப்படித்தான்). இடித்துக் கட்டினால் புது வாடகைக்கு இவர்களில் ஒருவராவது திரும்பி வருவாரா, சந்தேகம்தான்.

சுவர்கள் சுண்ணாம்புக் காரையில் கட்டியவை. இடையில் யாரோ மேலே சிமெண்ட் பூசிவிட்டதால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கி, பூச்சு உதிர்கிறது. அதை உரித்துவிட்டுச் சுண்ணாம்பே பூசலாம் என்பது என் எண்ணம். சமையலறையைப் பெரிதாக்க நடுச்சுவரை எடுக்கச் சொல்கிறார்கள். மாடியின் பாரமே அதன் மேல்தானே இருக்கிறது! கட்டமைப்புப் பொறியாளரிடம் காட்டாமல் அதைத் தொடப்போவதில்லை. வயரிங், குழாய் எல்லாம் எப்படியும் மாற்றத்தான் வேண்டும்.

குடியிருப்பவர்களைக் காலி செய்யச் சொல்லாமல், ஒவ்வொரு பகுதியாக வேலை செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? தண்ணீரையும் மின்சாரத்தையும் எப்படிப் பிரித்தீர்கள்? அப்புறம், தற்காலிகமாக இடம் மாறுபவர்கள் திரும்பி வரலாம் என்பதை எழுத்தில் எப்படிக் கொடுத்தீர்கள், அதிலேயே வாடகையையும் குறிப்பிட்டீர்களா?