குளச்சல் கடைத்தெருவில் ஓர் ஆடி மாத மதியம்

சென்னையிலிருந்து வந்திருந்த சித்தப்பா மகனை, சென்ற ஆடி மாதத் தொடக்கத்தில் எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக் குளச்சலுக்கு அழைத்துச் சென்றேன். 1741-ஆம் ஆண்டு திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரரை வென்றதன் நினைவாகக் கடற்கரையில் நிற்கும் வெற்றித் தூணைப் பார்க்க அவனுக்கு ஐந்து நிமிடமே போதுமாக இருந்தது. அவன் மனம் நெய்மீன் (வஞ்சிரம்) வறுவலில் இருந்தது.

கடைத்தெருவுக்குள் பெயர்ப்பலகை இல்லாத ஒரு சாப்பாட்டுக் கடையில் நுழைந்தோம். கடையை நடத்தும் அக்கா, "நெய்மீன் உண்டு மக்ளே, ஆனா ஐஸ்ல கெடந்ததாக்கும். சாளை இன்னைக்குக் காலம்பற வள்ளத்துல வந்தது. எது வேணும்?" என்று கேட்டார். சாளை என்றால் மத்தி. விலை கூடிய மீனை விற்க வாய்ப்பிருந்தும் இப்படிச் சொன்னது என்னை நிமிர்ந்து பார்க்க வைத்தது.

நம் மாவட்டத்தில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் இரண்டு என்பதை அவனுக்கு விளக்க வேண்டியிருந்தது. சின்னமுட்டத்து விசைப்படகுகளுக்குக் கிழக்குக் கடற்கரைக்குரிய ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடையும், முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையிலான மேற்குக் கடற்கரைத் தடையும் பொருந்தும். ஆகவே ஜூலையில் குளச்சல் விசைப்படகுகள் ஓய்ந்திருக்கும்போது, நாட்டு வள்ளங்கள் கரையோரம் பிடித்து வரும் மீனும், சின்னமுட்டத்தில் ஏலம் போய் ஐஸ் பெட்டியில் வண்டியேறி வரும் மீனுமே இந்தத் தெருவுக்குக் கிடைக்கின்றன.

சாளையையே கேட்டோம். மரவள்ளியை நாங்கள் மரச்சீனி என்போம்; மயக்கிய, அதாவது மசித்த, மரச்சீனிக் கிழங்கின்மேல் புளியும் தேங்காயும் அரைத்த குழம்பை ஊற்றிச் சாப்பிட்டவன், இரண்டாம் முறை கிழங்கு கேட்டபின் நெய்மீனைப் பற்றிப் பேசவே இல்லை. திரும்பும் வழியில் நெத்தோலிக் கருவாடு வாங்கினோம். விற்ற பாட்டி, கையில் ஈரம் ஒட்டினால் எடுக்காதே என்று சொல்லி, தாமே மூன்று கூறுகளை ஒதுக்கித் தள்ளினார். மட்டிப்பழம் ஒரு சீப்பு வாங்கியதையும் சொல்லாமல் விடக்கூடாது. பேருந்து ஏறுமுன்னே பாதி தீர்ந்துவிட்டது.

மறுமொழி, நாகர்கோவிலிலிருந்து:

அண்ணன் எழுதியதைப் படித்தபோது எனக்கு நேர்ந்தது நினைவுக்கு வந்தது. அதே ஜூலையில், பயணிகள் மொய்க்கும் ஒரு தெருவில் (கடையின் பெயர் வேண்டாம்) வஞ்சிரம் இன்று காலையில் வந்தது என்று உறுதியாகச் சொல்லிப் பரிமாறினார்கள். நம் பக்கத்தில் நெய்மீன் என்பதைப் பயணிகளுக்காக வஞ்சிரம் என்று மாற்றிச் சொன்னபோதே நான் யோசித்திருக்க வேண்டும்; விரல் பட்டதும் சதை மாவாக உதிர்ந்தது. அதன்பின் ஜூன், ஜூலைத் தடைக்காலத்தில் வரும் உறவினருக்குத் தொலைபேசியிலேயே சொல்லிவிடுகிறேன்: நெய்மீன்தான் வேண்டுமென்றால் ஆகஸ்டில் வாருங்கள், இப்போது வந்தால் சாளைக் குழம்பு காத்திருக்கிறது.