ஒஹையோவில் மான் வேட்டை: .350 லெஜண்டா, .450 புஷ்மாஸ்டரா?

கொலம்பஸில் இருக்கிறேன். நவம்பர் கடைசியில் கன் சீசன், அதாவது துப்பாக்கியால் மான் வேட்டையாடும் காலம். அதற்குள் ரைஃபிள் வாங்கியாகணும். எந்தக் காலிபர் (தோட்டா அளவு), .350 லெஜண்டா, .450 புஷ்மாஸ்டரா என்பதில்தான் முடிவுக்கு வர முடியலை.

இடம் ஹாக்கிங் கவுண்டியில் தெரிந்தவரின் காடு, எழுத்தில் அனுமதி வாங்கியாச்சு. முள் ரோஜாப் புதர், செங்குத்துச் சரிவு. 80 கெஜம் தாண்டினால் மான் கண்ணிலேயே படாது. .30-30 தோட்டாவைச் சொல்லாதீங்க, இங்கே மான் வேட்டை ரைஃபிளுக்கு .357 முதல் .50 அங்குலம் வரை, நேர்சுவர்த் தோட்டா (உறை மேலே குறுகாமல் நேராக இருப்பது) மட்டும்தான். .350 என்பது பெயர்தான், அதன் குண்டு .357, அதனால் அதுக்கு அனுமதி உண்டு. .30-30 மாதிரி கழுத்து குறுகியதுக்கு அனுமதி இல்லை.

நண்பர்களிடமிருந்த ரூகர் அமெரிக்கன் ராஞ்ச் ரைஃபிளை, இரண்டு காலிபரிலும் ரேஞ்சில் சுட்டுப் பார்த்தேன். .350இல் 150 கிரெய்ன் (குண்டின் எடை) குண்டு: உதை கம்மி, குறி நன்றாக விழுது. .450இல் 250 கிரெய்ன்: தோள் கன்றிப்போச்சு, ட்ரிக்கரைத் தொடும்போதே கண் தானாக மூடிக்குது. கடைக்காரர் .450தான் என்கிறார். அவருக்கென்ன, தோள் என்னுடையது!

ஒரே பயம், .350 சின்னத் துளை போட்டு, அடிபட்ட மான் தடமில்லாமல் புதருக்குள் போய்விடுமோ என்பது.

சுட்ட அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க: 50 கெஜத்தில் நெஞ்சில் பட்டால், .350 குண்டு மறுபக்கம் வெளியேறி, தேடிப் போகிற அளவுக்கு ரத்தத் தடம் விடுமா?