பார்சலில் உடைந்து வந்த முகப்பு விளக்கும் பம்பரும்: விற்பவர் பொறுப்பேற்க மறுக்கிறார்

கேள்வி (திருமங்கலம்):
என் ஸ்விஃப்ட் காருக்காக தில்லியில் உள்ள ஒரு விற்பனையாளரிடம் இணையம் வழியாக வாங்கிய முகப்பு விளக்கின் பொருத்தும் காதுகள் இரண்டும் முறிந்தும், பம்பர் ஓரம் கிழிந்தும் மதுரை பார்சல் அலுவலகத்திற்கு வந்து சேர்ந்தன. அனுப்பியதோடு தம் வேலை முடிந்தது, லாரிக்காரரிடம் கேளுங்கள் என்கிறார் அவர். நான் யாரைப் பிடிப்பது?

மறுமொழி 1:
விற்றவரைத்தான். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெறவோ பணத்தைத் திருப்பித் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது. அவருடைய குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்திற்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்திற்குள் தீர்வு தர வேண்டும். தொலைபேசியில் வாதாடாமல் மின்னஞ்சலில் எழுதுங்கள்.

மறுமொழி 2 (பழங்காநத்தத்தில் பட்டறை வைத்திருப்பவன்):
விளக்கைத் தயவுசெய்து வண்டியில் மாட்டிப் பார்க்க வேண்டாம், ஏனெனில் திருகாணித் தடம் ஒன்று விழுந்துவிட்டால் மாட்டும்போது நீங்களே உடைத்தீர்கள் என்று சொல்ல அவர்களுக்கு வழி கிடைத்துவிடும். அட்டைப்பெட்டியையும் தெர்மகோலையும் எறியாதீர்கள். பம்பரை வெறும் சாக்கில் சுற்றி அனுப்பும் புண்ணியவான்களும் இருக்கிறார்கள்.

கேட்டவர்:
ரசீதில் ‘சேதத்துடன் பெறப்பட்டது’ என்று எழுதி வாங்கியிருக்கிறேன்.

மறுமொழி 1:
அது போதுமான சான்று. பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். அதற்கும் அசையாவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம் என்பதால், தில்லிக்குப் போகாமல் மதுரை நுகர்வோர் ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம்.