ராவல்பிண்டி ஹோலி ஃபேமிலி மருத்துவமனை: கன்னியாஸ்திரிகள் பிரசவம் பார்க்க ஏன் தடை இருந்தது?

கேள்வி (கபிலன்): கத்தோலிக்கத் துறவிகள் நோயாளிகளைக் கவனிப்பது பழைய வழக்கம்தானே? பிறகு ஏன் ஆஸ்திரிய டாக்டர் அன்னா டெங்கல் 1925-இல் வாஷிங்டனில் மருத்துவப் பணிக்கெனத் தனியாக ஒரு பெண்கள் சங்கம் தொடங்க வேண்டியிருந்தது?

மீனா: நோயாளியைப் பராமரிக்கத் தடையில்லை, மருத்துவத் தொழிலுக்குத்தான் இருந்தது. பிரசவம் பார்ப்பது துறவற வார்த்தைப்பாட்டுக்கு (துறவிகள் எடுக்கும் உறுதிமொழிக்கு) பொருந்தாது என்று திருச்சபைச் சட்டம் கருதியது. ராவல்பிண்டியிலோ (இன்றைய பாகிஸ்தான்) அன்று பர்தா பெண்கள் ஆண் டாக்டரிடம் நாடி பார்க்கக்கூடக் கை நீட்ட மாட்டார்கள். பிரசவம் சிக்கலானால் வீட்டிலேயே உயிர் போகும். ஸ்காட்லாந்து டாக்டர் ஆக்னஸ் மெக்லாரன் முயற்சியில் 1909-இல் அங்கே பெண்களுக்கென செயின்ட் கேத்தரின் மருத்துவமனை வந்தது. தங்கி வேலை செய்யப் பெண் டாக்டர் கிடைப்பதே பெரும்பாடு. 1920-இல் அங்கே போன டெங்கல் இதைக் கண்ணால் பார்த்தவர்.

செல்வராஜ்: முக்கியமான ஆண்டு 1936. பிப்ரவரி 11-இல் வந்த ரோம ஆணைதான் துறவிகள் மருத்துவமும் பேறுகாலப் பணியும் படித்துச் செய்ய வழிவிட்டது. அதுவரை டெங்கலின் சங்கம் முறையான துறவற சபையே அல்ல. பழைய பதிவுகளைப் படிக்கும்போது அதைத் துறவற சபை என்று எண்ணிப் பலர் சறுக்குவது இங்கேதான்.

மீனா: ஒரு விதிவிலக்கு உண்டு. ஆஸ்திரேலிய டாக்டர் மேரி குளோரி, போப் பதினைந்தாம் பெனடிக்டின் தனி அனுமதியோடு 1920-இலேயே குண்டூர் வந்து, துறவியாகவும் டாக்டராகவும் இருந்தார். 1943-இல் இந்தியக் கத்தோலிக்க மருத்துவமனைச் சங்கத்தைத் தொடங்கியதும் அவரே.

கபிலன்: டெங்கலின் சங்கம் பிறகு ராவல்பிண்டியில் தொடங்கிய ஹோலி ஃபேமிலி மருத்துவமனை இப்போது?

செல்வராஜ்: இயங்குகிறது. பெயர் மாறவில்லை, ஆனால் அரசு மருத்துவமனை.