மகளிர் விடுதிப் படிவத்தில் 'பால்' கட்டம்: யாரைப் பெண் என்று எழுதுவது?

அல்சூர் மைதிலி
பெங்களூரில் வேலைக்குப் போகும் பெண்களுக்கான சின்ன விடுதி ஒன்றின் குழுவில் இருக்கிறேன். தங்கியிருப்பவர்களில் பாதிக்கு மேல் நம்ம பிள்ளைகள்: சேலம், வேலூர், தருமபுரி. போன வாரம் ஒரு விண்ணப்பம் வந்தது. பெயர் பெண் பெயர். இணைத்திருந்தது டிசி (கலெக்டர்) ஆபீஸ் கொடுத்த திருநர் (திருநங்கை, திருநம்பி) அடையாள அட்டை. குழு இரண்டாகப் பிளந்து நிற்கிறது. என் கட்சி இதுதான்: பெண் என்றால் பிறப்பால் பெண். பிரிட்டன் உச்ச நீதிமன்றமே 2025 ஏப்ரல் 16 அன்று, ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக, சமத்துவச் சட்டத்தில் 'பெண்' என்பது உயிரியல் பாலைத்தான் குறிக்கும் என்று சொல்லிவிட்டார்கள். நமக்கு மட்டும் என்ன குழப்பம்? திட்டாமல் பதில் சொல்லுங்கள்.

சிவாஜிநகர் வக்கீல்
மேடம், அது அவர்களுடைய 2010 சட்டத்துக்கான விளக்கம். திருநர்களைப் பாகுபடுத்தக் கூடாது என்ற பாதுகாப்பு அப்படியே தொடரும் என்று அதே தீர்ப்பு சொல்கிறது. வாட்ஸாப்பில் சுற்றும்போது அந்தப் பத்தி மட்டும் எப்படியோ காணாமல் போய்விடும். இங்கே 2014 ஏப்ரல் 15 அன்று நால்சா (தேசிய சட்டப் பணிகள் ஆணையம்) வழக்கில் நம் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ராதாகிருஷ்ணனும் சிக்ரியும் சொன்னது வேறு: தன் பாலினத்தைத் தானே சொல்லும் உரிமை உண்டு, அறுவை சிகிச்சை செய்துகொண்டு வா என்று கேட்கக் கூடாது. 2019 திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 3-வது பிரிவு, வாடகைக்கு இடம் தருவதிலும் பாகுபாடு கூடாது என்கிறது. உங்கள் விடுதி பெங்களூரில் இருக்கிறது, லண்டனில் இல்லை.

அல்சூர் மைதிலி
சட்டத்தை நானும் படித்தேன் சார். அதே 2019 சட்டத்தில் 6-வது பிரிவுப்படி கிடைக்கும் சான்றிதழில் 'திருநர்' என்றுதான் இருக்கும். 'பெண்' என்று மாற்ற 7-வது பிரிவு, அதற்கு மருத்துவமனைச் சான்று வேண்டும். ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சம்ஹிதையில் பெண்ணுக்குக் கொடுத்திருக்கும் விளக்கத்திலும் திருநங்கை இல்லை. நாடாளுமன்றமே இரண்டையும் தனித்தனியாக வைத்திருக்கும்போது, நான் ஒன்றாக்க வேண்டும் என்று எந்த நியாயத்தில் கேட்கிறீர்கள்?

ஒயிட்ஃபீல்டு குமார்
அக்கா சொல்றதுதான் சரி. நாளைக்கு நானும் 'என் மனசு பெண்'னு சொல்லிட்டு வந்தா ரூம் குடுப்பீங்களா?

பின்னிமில் பூங்கொடி
வாங்க தம்பி. முதலில் கே.ஜி. ரோடு கந்தாய பவனில் இருக்கும் டிசி ஆபீஸுக்குப் போய் மனு கொடுங்கள். ஆதாரை மாற்றுங்கள். அப்பா அம்மாவிடம் சொல்லுங்கள், ஆபீஸ் எச்.ஆரிடம் சொல்லுங்கள். இத்தனையும் ஒரு கட்டிலுக்கும் ரெண்டு வேளை இட்லிக்கும் செய்வீர்கள் என்றால் நானே சிபாரிசு பண்ணுகிறேன்.

மைதிலி அக்கா, நான் திருநங்கை. 'நாடாளுமன்றம் தனியாக வைத்திருக்கிறது' என்றீர்களே, எப்படி வைத்திருக்கிறது என்று சொல்கிறேன். ஒரு பெண்ணை வன்புணர்ந்தால் குறைந்தது 10 வருடம். எங்களைப் பாலியல் வதை செய்தால் அந்த 2019 சட்டத்தின் 18-வது பிரிவில் 6 மாதம் முதல் 2 வருடம், அவ்வளவுதான்.

பஸ் கதையும் கேளுங்கள். 2023 ஜூனில் வந்த சக்தித் திட்டத்தில், அதாவது கர்நாடக அரசின் பெண்களுக்கான இலவச பஸ் திட்டத்தில், எங்களுக்கும் இலவசம். என் ஆதாரில் அப்போது 'ஆண்' என்று இருந்தது. கண்டக்டர் அட்டையைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், மறுபடி அட்டையைப் பார்ப்பார். பின்னால் நிற்பவர்கள் 'பேகா பேகா' (சீக்கிரம் சீக்கிரம்) என்பார்கள். காசு கொடுத்தே டிக்கெட் வாங்கிக்கொண்டு ஒதுங்கி நிற்பேன். உங்கள் விடுதியில் மனு போட்டவருக்கு அட்டையாவது சரியாக இருக்கிறது.

லேப் ஜெயந்தி
நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். இந்த விஷயத்தில் மைதிலி பக்கம் கொஞ்சம், எதிர்ப்பக்கம் கொஞ்சம். எங்கள் மென்பொருளில் 'பால்' கட்டத்தில் என்ன அழுத்துகிறோமோ அதற்கேற்ற அளவுகள்தான் ரிப்போர்ட்டில் அச்சாகும். ஹீமோகுளோபின் பெண்ணுக்கு 12-க்குக் கீழே போனால் ரத்தசோகை, ஆணுக்கு 13. ஹார்மோன் எடுக்கும் திருநம்பி (பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழ்பவர்) ஒருவர் வந்தால் எந்த அளவு? அவர் அட்டையில் என்ன இருக்கிறது என்பது டாக்டருக்கு உதவாது. பிறந்தபோது என்ன பால், இப்போது என்ன மருந்து, இரண்டையும் கேட்டாக வேண்டும். அதைக் கேட்பதே அவமானம் என்று சிலர் சண்டைக்கு வருகிறார்கள், அது தப்பு. ஆனால் விடுதியில் ரத்தமா எடுக்கிறீர்கள்? அங்கே அந்தக் கேள்வி எதற்கு?

ஒயிட்ஃபீல்டு குமார்
உலகத் தடகள அமைப்பே 2025 செப்டம்பர் 1 முதல் பெண்கள் பிரிவுக்கு மரபணுச் சோதனை கட்டாயம்னு கொண்டு வந்துட்டாங்க. அறிவியல் அறிவியல்தான்.

சிவாஜிநகர் வக்கீல்
தம்பி, புதுக்கோட்டை சாந்தி சவுந்தரராஜனைத் தெரியுமா? 2006 தோகா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கியவர். பாலினச் சோதனை என்று பதக்கத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். பிறந்ததிலிருந்து பெண்ணாகவே வளர்ந்த பெண். ஓட்டப் பந்தயத்துக்கு ஒரு கோடு வேண்டியிருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. அந்தக் கோட்டை விடுதி வாசலிலும் போட்டால், ஒவ்வொரு பெண்ணையும் சோதித்துத்தான் உள்ளே விடுவீர்களா?

அல்சூர் மைதிலி
பூங்கொடி, 18-வது பிரிவு அநியாயம். அதை மாற்ற மனு போட்டால் முதல் கையெழுத்து என்னுடையது. ஆனால் என் சங்கடம் வேறு. இரண்டாவது மாடியில் ஒரு பெண் இருக்கிறாள், வீட்டில் நடந்த ஒன்றுக்குப் பயந்து ஊரை விட்டு வந்தவள். பொதுக் குளியலறை, தாழ்ப்பாள் சரியாக விழாது. 'எனக்குப் பயமாக இருக்கிறது' என்று அவள் சொன்னால், 'உன் பயம் பிற்போக்கு' என்று நான் பாடம் எடுக்க வேண்டுமா? இன்னொன்று: ஒரு நிறுவனச் சுற்றறிக்கையில் 'மாதவிடாய் வருவோர்' என்று போட்டிருந்தார்கள். ஏன், பெண்கள் என்று எழுதினால் வாய் சுட்டுவிடுமா? எங்களை உறுப்பாகப் பிரித்து எழுதுவதை முற்போக்கு என்கிறார்கள்.

பின்னிமில் பூங்கொடி
அப்படி எழுதச் சொல்லி எங்களில் யாரும் மனு கொடுத்ததாக எனக்கு நினைவில்லை அக்கா. அது ஏ.சி. ரூமில் உட்கார்ந்து யாரோ எழுதுவது, திட்டு மட்டும் எங்களுக்கு.

அந்தப் பெண்ணின் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். அவள் யாருக்குப் பயப்படுகிறாளோ அதே ஆட்களுக்குத்தான் நானும் பயப்படுகிறேன். ஆனால் தாழ்ப்பாள் விழாத குளியலறைக்கு முதலில் தச்சனைக் கூப்பிடுங்கள். விண்ணப்பம் போட்டவரை ஒரு டீக்குக் கூப்பிட்டுப் பேசினீர்களா? அவரைப் பற்றி இத்தனை பேர் பேசிவிட்டோம்.

லேப் ஜெயந்தி
+1 தாழ்ப்பாளுக்கு.

சிவாஜிநகர் வக்கீல்
நடைமுறைக்கு வருவோம். படிவத்தில் ஒரே கட்டம் போதும்: பெண் / திருநங்கை, அட்டையில் உள்ளபடி. உடல், அறுவை சிகிச்சை பற்றி ஒரு கேள்வியும் வேண்டாம். நடத்தை விதிகள் எல்லோருக்கும் ஒன்றே. மீறினால் யாராக இருந்தாலும் வெளியே.

அல்சூர் மைதிலி
தனிக் குளியலறையோடு ஒரு அறை தரைத்தளத்தில் காலியாகிறது. அதை அவருக்குத் தரலாம் என்று ஞாயிற்றுக்கிழமை குழுவில் சொல்லப் போகிறேன். ஆனால் 'பெண் / திருநங்கை' என்று பொது விதியை மாற்றும் தீர்மானம் வந்தால் எதிர்த்துத்தான் ஓட்டுப் போடுவேன். ஒருவருக்கு இடம் தருவது வேறு, விதியைத் திறந்து வைப்பது வேறு.

சிவாஜிநகர் வக்கீல்
அடுத்தவர் விண்ணப்பித்து அந்த அறை காலி இல்லை என்றால்? மறுப்பை எழுத்தில் கேட்பார், 3-வது பிரிவைக் காட்டுவார். அப்போது என்ன எழுதுவீர்கள்?

அல்சூர் மைதிலி
இடமில்லை என்று எழுதுவேன். இடம் இருந்தால் என்ன எழுதுவது என்பதைத்தான் சார் முதல் பதிவிலேயே கேட்டேன்.