கிளாரினெட் ‘வாய்சிங்’: தமிழில் என்ன சொல்?

மொழிபெயர்ப்பாளர்:
அன்புள்ள குழுவினருக்கு,
கிளாரினெட் தொடக்கப் பாடநூல் ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘எம்பூஷர்’ என்பதற்கு ‘இதழ்ப்பிடி’ வைத்துவிட்டேன்: மேற்பல் ஊதுவாயின் மேல் படியும், கீழுதடு கீழ்ப்பல் மேல் மடிந்து, ஊதும்போது அதிரும் தகடான நாணலைத் தாங்கும். அதில் சிக்கல் இல்லை. உள்ளே நாக்கும் தொண்டையும் அமையும் விதத்தை ‘வாய்சிங்’ என்கிறார்களே, அதற்குத்தான் சொல் வேண்டும். ‘குரலமைப்பு’ சரியா?

கிளாரினெட் ஆசிரியர்:
‘குரல்’ வேண்டவே வேண்டாம். அதிர்வது நாணல், குரல்நாண் அல்ல. குரலெழுப்பிக்கொண்டே ஊதினால் உறுமல்தான் வரும்.

உச்சத்தில் ஒரு சுரத்தைப் பிடித்து, உதட்டையும் விரலையும் அசைக்காமல் நாக்கின் பின்பகுதியை மட்டும் ‘ஈ’யிலிருந்து ‘ஆ’வுக்கு இறக்கிப் பாருங்கள். சுரம் சரியும். கீழ்ச்சுரங்களில் அதே வேலையைச் செய்தால் சுருதி அவ்வளவாக நகராது. அங்கே குழலின் ஒத்ததிர்வு, அதாவது உள்ளிருக்கும் காற்று தனக்கிசைந்த சுருதியில் வலுத்து அதிர்வது, வலுவானது. மேலே போகப் போக அது மெலிகிறது, அப்போது வாய்க்குழியின் ஒத்ததிர்வு நாணலைத் தன் பக்கம் இழுக்க முடிகிறது. 1924-இல் அரங்கேறிய, அமெரிக்க இசையமைப்பாளர் கெர்ஷ்வினின் ‘ராப்சடி இன் புளூ’ தொடங்கும்போது கிளாரினெட் வழுக்கி ஏறுகிறதே, அதன் மேல்பகுதிக்கு விரல் மட்டும் போதாது. வாயும் தொண்டையும் சேர்ந்தால்தான் அது வரும்.

தமிழாசிரியர்:
அருமை ஐயா. ‘ஈ’ என்றதும், எழுத்துகள் பிறக்கும் விதத்தைச் சொல்லும் தொல்காப்பியப் பிறப்பியல் நினைவுக்கு வருகிறது: இ, ஈ முதலியவை ‘அண்பல் முதனா விளிம்புறல் உடைய’. நாக்கின் விளிம்பு மேல் கடைவாய்ப்பல்லைத் தொடட்டும் என்று நீங்கள் வகுப்பில் சொல்வதும் கிட்டத்தட்ட இதுதானே? ‘ஆ’வோ அங்காந்து, அதாவது வாய் திறந்து, பிறப்பது. உந்தியில் (கொப்பூழில்) எழும் வளி தலையிலும் மிடற்றிலும் (தொண்டையிலும்) நெஞ்சிலும் நிலைகொள்கிறது என்ற நூற்பாவையும் சேர்த்துப் பாருங்கள். ‘மிடற்றமைவு’ என்பதே என் சொல். மிடறு ‘மடுத்தல்’ என்பதோடு உறவுடையதோ என்று எனக்கு நெடுநாள் ஐயம். மடுத்தல், மடை, மிடறு: எல்லாம் உட்கொள்ளும் வழிகள். அப்புறம், ‘நாணல்’ எதற்கு? நாகசுரத்தில் வைத்து ஊதும் ‘சீவாளி’ இருக்கிறதே!

இசை ஆர்வலர்:
சீவாளி இரட்டைத் தகடு. கிளாரினெட்டில் இருப்பது ஊதுவாயில் கட்டிய ஒற்றைத் தகடு. அதைக் கலக்காதீர்கள். வேர் ஆராய்ச்சியை வேறு இழையில் வைத்துக்கொள்வோம், வெள்ளிக்கிழமை நெருங்குகிறது. மிடற்றுக்கருவி என்றால் வாய்ப்பாட்டு. துளைக்கருவிப் பாடத்தில் மிடறு வந்தால் படிப்பவர் பாட்டு என்றே எடுத்துக்கொள்வார். ‘உள்வாயமைவு’ போதும், பிள்ளைகளுக்கும் உடனே புரியும்.

தமிழாசிரியர்:
புரியாத சொல்லைப் பழக்கித்தான் புரியவைக்க வேண்டும் ஐயா. ‘ஒத்ததிர்வு’ என்பதும் ஒரு நாள் புதிதாகத்தானே இருந்தது?

கிளாரினெட் ஆசிரியர்:
என் ஓட்டு ‘உள்வாயமைவு’. ஆனால் முதல் தடவை வரும் இடத்தில் ‘நாக்கும் தொண்டையும் அமையும் விதம்’ என்று விளக்கிவிடுங்கள்.

மொழிபெயர்ப்பாளர்:
எனக்கும் அதுவே சரி. மூவர் ஒரு பக்கம் இருப்பதால் ‘உள்வாயமைவு’ என்றே அனுப்புகிறேன். எல்லோருக்கும் நன்றி.

தமிழாசிரியர்:
அனுப்புங்கள், ஆனால் எனக்கு உடன்பாடு இல்லை. தொண்டையை இறுக்கிக்கொண்டு ஊதும் மாணவருக்கு ‘உள்வாய்’ என்ற சொல் தொண்டையைக் காட்டாது. மறுபதிப்பு வரும்போது மிடற்றை மீண்டும் கேட்பேன்.