வீட்டில் நாலு பேர், நாலு முதுகு: ட்ரெக்கிங் பை எப்படி வாங்குவது?

மஞ்சக்குப்பம் அம்மா கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். கடலூரிலிருந்து எழுதுகிறேன். மே மாதம் நாங்கள் நாலு பேரும் உத்தராகண்டில் தயாரா புக்யால் போவதாக இருக்கிறோம். உத்தரகாசிப் பக்கம், 11,000 அடிக்கு மேலே இருக்கும் புல்வெளி. மலையில் மூன்று இரவு. கூடாரம், தூங்கும் பை, சாப்பாடு எல்லாம் அழைத்துப் போகிறவர்கள் பொறுப்பு. துணிமணி, தண்ணீர், குளிருக்குப் போடுவது, மழைக்குப் போடுவது எல்லாம் அவரவர் முதுகில்.

எங்கள் குடும்பத்தின் மலை அனுபவம் என்பது கேப்பர் மலையைப் பஸ்ஸில் கடந்ததுதான். அதனால் போன மாதம் ஒத்திகையாக செஞ்சி ராஜகிரிக் கோட்டைக்குப் போனோம். அதற்கென்று ஆன்லைனில் "70 லிட்டர்" என்று போட்டிருந்த ஒரு பையை 1,100 ரூபாய்க்கு வாங்கினேன். படத்தில் பார்த்தால் எவரெஸ்ட்டே ஏறலாம் போல இருந்தது. பையன் அதில் எட்டு கிலோவை அடைத்துக்கொண்டு ஏறினான். பாதி வழியில் பர்ர்ர் என்று சத்தம். தோள் பட்டை மேல்பக்கம் தையலோடு பிய்ந்து கையில் வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் தோள் துண்டை முறுக்கிக் கட்டிச் சமாளித்தார். அதற்குள் பக்கவாட்டுப் பாக்கெட்டில் இருந்த பிஸ்கெட்டைக் குரங்கு எடுத்துக்கொண்டு போயே போய்விட்டது. விற்றவர்களிடம் கேட்டால் "அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றியிருக்கிறீர்கள்" என்கிறார்கள். எழுபது லிட்டர் பையில் எட்டு கிலோ அளவுக்கு மீறியதாம்!

பையன் ப்ளஸ் ஒன், 16 வயது, நெட்டைக்கொக்கு, 55 கிலோ. பெண் எட்டாவது, 13 வயது, 36 கிலோ. அவள் பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டே செஞ்சி ஏறிவிட்டாள். அதைவிட பாரமான பையை தினம் ஸ்கூலுக்குத் தூக்குகிறாளாம். வீட்டுக்கு வந்து எடை மிஷினில் வைத்துப் பார்த்தேன். ஸ்கூல் பை 6.5 கிலோ!

இப்போது கேள்வி. ஆளுக்கு எத்தனை லிட்டர் வேண்டும்? நாலும் ஒரே அளவாக வாங்கி மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளலாமா? பெண் வளர்கிற வயசு, கொஞ்சம் பெரிசாகவே வாங்கு, ரெண்டு வருஷம் வரும் என்கிறார் வீட்டுக்காரர். ஸ்கூல் யூனிஃபார்ம் வாங்குகிற கணக்கு. சரிதானா?

நெய்வேலி டவுன்ஷிப் சொன்னது:

மேடம், ஒரு தடவை போவதற்கு எதற்கு நாலு பை? அழைத்துப் போகிறவர்களிடமே வாடகைக்குக் கிடைக்கும். முடியவில்லை என்றால் காசு கட்டிக் கோவேறு கழுதை மேல் பையை ஏற்றிவிடலாம். நாங்கள் அப்படித்தான் செய்தோம். ஆனால் ஒன்று, வாடகைப் பை எல்லாம் பெரிய ஆளுக்குத்தான். என் பெண்ணுக்கு (அப்போது 12) கொடுத்த பையின் இடுப்புப் பெல்ட்டை முழுசாக இறுக்கிய பிறகும் ஒரு கை உள்ளே போனது. சின்னவளுக்கு மட்டும் சொந்தமாக வாங்குங்கள்.

மார்க்கெட் தையல், புதுவை சொன்னது:

அம்மா, நான் புதுச்சேரியில் பெரிய மார்க்கெட் பக்கம் பை ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். ஸ்கூல் பை, சூட்கேஸ், ஜிப்பு, எல்லாம் தைப்பேன். மலை ஏறுகிற பைத்தியமும் உண்டு. என் ரெண்டு பிள்ளைகளையும் கொல்லிமலை ஆகாய கங்கைக்கு ஆயிரத்துச் சொச்சம் படி இறக்கி ஏற்றியவன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் லிட்டரை மறந்துவிடுங்கள். லிட்டர் என்பது பைக்குள் எவ்வளவு கொள்ளும் என்று சொல்லும். யாருக்குச் சேரும் என்று சொல்லாது. சட்டைக்குத் தோளளவு மாதிரி இந்தப் பைக்கு முதுகளவு. ஆள் உயரம் அல்ல, முதுகின் நீளம். வீட்டில் இஞ்ச் டேப் இருக்குமே, எடுங்கள். தலையைக் குனியச் சொல்லுங்கள். கழுத்து முடிகிற இடத்தில் ஓர் எலும்பு முட்டிக்கொண்டு நிற்கும். டேப் அங்கே ஆரம்பம். ரெண்டு கையையும் இடுப்பு எலும்பின் மேல் வைத்துக் கட்டை விரல்களைப் பின்பக்கம் நீட்டச் சொல்லுங்கள். விரல்களுக்கு நடுவே ஒரு கோடு போட்டால் முதுகுத்தண்டில் எங்கே விழுகிறதோ அங்கே முடிவு. டேப் முதுகின் வளைவோடு படிந்து போக வேண்டும், விறைப்பாக இழுக்கக் கூடாது. நாலு பேருக்கும் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். நல்ல பைகளில் இந்த முதுகு நீளம் சென்டிமீட்டரில் போட்டிருப்பார்கள். எஸ், எம், எல் என்பதை மட்டும் நம்பாதீர்கள். ஒரு கம்பெனியின் எம் இன்னொருத்தன் எஸ்.

இது ஏன் முக்கியம் என்றால், பாரத்தில் முக்கால்வாசி இடுப்பில் உட்கார வேண்டும். தோளில் இல்லை. உங்களுக்குச் சொல்லத் தேவையே இல்லை, தண்ணீர்க் குடத்தை இடுப்பில் எங்கே வைப்பீர்கள்? வயிற்றிலா? எலும்பின் மேல்தானே? அதே எலும்புதான். பெல்ட் அந்த எலும்பைக் கவ்விப் பிடிக்க வேண்டும். முதுகைவிடப் பை நீளமாக இருந்தால் பெல்ட் தொடைக்கு இறங்கிவிடும், காலைத் தூக்கிப் படி வைக்க முடியாது. குட்டையாக இருந்தால் பெல்ட் வயிற்றில் ஏறும், மொத்தப் பாரமும் தோளுக்குப் போய்விடும். உங்கள் பையன் தோள் சிவந்து வந்தானா? அந்த 70 லிட்டர் சாக்கில் இடுப்புப் பெல்ட் என்று ஒரு வெறும் நாடா தொங்கியிருக்கும், பஞ்சு கூட இருந்திருக்காது. பார்க்காமலே சொல்கிறேன்.

அதனால் சார் சொன்ன யூனிஃபார்ம் கணக்கு இங்கே செல்லாது. பாவாடைக்கு மடிப்பு விட்டுத் தைக்கலாம், பிறகு பிரித்துவிடலாம். பைக்கு அப்படி முடியாது. அதற்குப் பதில், முதுகுப் பக்கம் தோள் பட்டையை மேலேயும் கீழேயும் ஏற்றி இறக்குகிற மாதிரி பைகள் வருகின்றன. வெல்க்ரோவில் ஒட்டுகிறதும் உண்டு, ஏணி மாதிரி படிப்படியாக மாட்டுகிறதும் உண்டு. பாப்பாவுக்கு அதுதான். அவளுடைய இன்றைய அளவு, ஏற்றி இறக்கும் தூரத்தின் கீழ் முனையில் விழ வேண்டும். அப்போதுதான் வளர இடம் இருக்கும்.

எடைக் கணக்கு: பாப்பாவுக்கு உடம்பு எடையில் நூற்றுக்குப் பத்திலிருந்து பதினைந்துக்குள் நிறுத்துங்கள். 36 கிலோ என்றால் அதிகபட்சம் 5.4 கிலோ. காலிப் பையும் தண்ணீரும் அதில் சேர்த்தி. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ, மறக்க வேண்டாம். (2020-ல் வந்த ஸ்கூல் பைக் கொள்கையில் உடம்பு எடையில் பத்து சதவீதம் என்றே போட்டார்கள். உங்கள் பெண்ணுக்கு 3.6 கிலோ வருகிறது. 6.5 கிலோவைத் தூக்கிக்கொண்டு போகிறாள். இந்தப் பஞ்சாயத்தை வேறு நாள் வைத்துக்கொள்வோம்.) கூடாரமும் தூங்கும் பையும் இல்லாததால் பெரியவர்களுக்கு 40லிருந்து 50 லிட்டர், அவளுக்கு 30லிருந்து 35 போதும். பெரிய பை வாங்கினால் காலியாக விட மாட்டோம், எதையாவது திணிப்போம்.

இனி என் தொழில். கடையில் பையை வாங்குவதற்கு முன் உள்பக்கம் பாருங்கள். தோள் பட்டை பையோடு சேருகிற இடத்தில் ஒரே ஒரு வரி நேர்த் தையல் ஓடியிருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். அந்த இடத்தில் நெருக்கமாகக் குறுக்கும் நெடுக்கும் குத்திய கெட்டித் தையல் இருக்க வேண்டும். உங்கள் செஞ்சிப் பை பிய்ந்தது அந்த இடத்தில்தான். ஓரத் துணிகள் பிசிறு தெரியாமல் நாடா வைத்து மூடித் தைத்திருக்கிறதா பாருங்கள். ஜிப்பை வளைவில் பத்துத் தடவை இழுங்கள். நேரில் ஓடுகிற ரன்னர் மூலையில்தான் திக்கும். ஜிப்புக்குப் பேர் போன ஒய்கேகே (YKK) கம்பெனியுடையது என்றால் ரன்னரிலேயே அந்தப் பெயர் பொறித்திருக்கும். அப்புறம் பக்கிள். இடுப்புப் பக்கிள் உடைந்தால் மலையில் அன்றைக்கே கதை முடிந்தது. உதிரி ஒன்று கேட்டு வாங்குங்கள். தையலைப் பிரிக்காமலே மாட்டுகிற பக்கிளும் கிடைக்கிறது.

நம் ஊருக்கென்று ஒரு தொல்லை உண்டு. கடற்கரை ஊர். பைத் துணியின் உள்பக்கம் தண்ணீர் புகாமல் இருக்கப் பாலியூரித்தேன் பூச்சு பூசியிருப்பார்கள். ஈரக் காற்றும் சூடும் சேர்ந்து அதைத் தின்றுவிடும். ட்ரெக்கிங் முடிந்து பாலிதீன் கவரில் சுற்றிப் பரணில் போடுவார்கள். மூன்று நாலு வருஷம் கழித்துப் பிரித்தால் உள்ளே பலாப்பழக் கை மாதிரிப் பிசுபிசுக்கும், பிறகு செதில் செதிலாக உரியும். மாதம் ஒரு பையாவது என் மேஜைக்கு இப்படி வரும். "அண்ணே, சரி பண்ணுங்க" என்பார்கள். அதைச் சரி பண்ண எவனாலும் முடியாது. பையை ஈரம் போகக் காய வைத்து, காற்றாடுகிற இடத்தில் ஆணியில் தொங்கவிடுங்கள். வாஷிங் மிஷினில் போடாதீர்கள். சேகரித்து வைத்த பழைய பை யாராவது கொடுத்தாலும் முதலில் உள்ளே கைவிட்டுத் தடவிப் பாருங்கள்.

மழைக்கு மேலுறை தருவார்கள். அது முதுகுப் பக்கம் மூடாது, தண்ணீர் பட்டை வழியாக இறங்கும். உள்ளே ஒரு தடிமனான பெரிய குப்பைப் பையை விரித்து, துணியை அதற்குள் வைத்து வாயை முறுக்கிவிடுங்கள். பெஞ்சல் புயலைப் பார்த்த நமக்கு மழையைப் பற்றிப் பாடம் வேண்டாம்.

ராக் பீச் பொண்ணு சொன்னது:

ஆன்ட்டி, நான் போன வருஷம் ப்ளஸ் டூ முடித்தவள், என்.சி.சி.யில் இருந்தேன். தையல் அண்ணன் எல்லாம் சொல்லிவிட்டார், ரெண்டு விஷயம் தவிர. தங்கச்சிக்கு வாங்கும்போது தோள் பட்டை உள்பக்கமாக வளைந்து வருகிறதா பாருங்கள். நேர்ப் பட்டை எங்களுக்கு நெஞ்சிலும் அக்குளிலும் உரசும். நெஞ்சுக்குக் குறுக்கே வரும் சின்னப் பட்டையும் மேலே கீழே நகர வேண்டும். இன்னொன்று, மேல் மூடியில் தனி ஜிப்புப் பாக்கெட் இருந்தால் நாப்கினை அதில் வைத்துவிடலாம். பாதி மலையில் அப்பா, அண்ணன் முன்னால் மொத்தப் பையையும் கொட்டிக் கவிழ்த்துத் தேடுவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? கலரையும் அவளே எடுக்கட்டும். பிடிக்காத பையை யாரும் ஆசையாகத் தூக்க மாட்டார்கள்.

மஞ்சக்குப்பம் அம்மா சொன்னது:

அண்ணே, நேற்று ராத்திரி நாலு பேரையும் சுவரோரம் நிறுத்தி அளந்தேன். வீட்டுக்காரர் 48 சென்டிமீட்டர். பையன் 46! அவனைவிட அப்பா நாலு அங்குலம் குட்டை. உட்கார்ந்தால் அப்பா உயரம், எழுந்து நின்றால் மகன் உயரம் என்று என் மாமியார் எப்போதும் சொல்வார், இப்போதுதான் புரிகிறது. நான் 41, பெண் 39. "நெட்டையனுக்குப் பெரிசு, அவருக்குச் சின்னது" என்று வாங்கியிருப்பேன், தப்பியது. எனக்கும் பெண்ணுக்கும் ரெண்டு சென்டிமீட்டர்தான் வித்தியாசம், ஏற்றி இறக்கும் பை என்றால் அவளுடையது எனக்கும் ஆகுமா?

மார்க்கெட் தையல், புதுவை சொன்னது:

முதுகு ஆகும். இடுப்புப் பெல்ட் ஆகுமா பாருங்கள், அவளுக்கு இறுக்குகிற அளவும் உங்களுக்கு எட்டுகிற அளவும் ஒரே பெல்ட்டில் கிடைப்பது கஷ்டம். கடையில் காலிப் பையை மாட்டிப் பார்க்காதீர்கள், காலிப் பை எல்லாருக்கும் அழகாகத்தான் உட்காரும். உள்ளே அஞ்சு கிலோ போடச் சொல்லுங்கள். எல்லா நாடாவையும் தளர்த்தி மாட்டி, முதலில் இடுப்பு, அப்புறம் தோள், அப்புறம் தோளுக்கு மேலே பை உச்சிக்குப் போகிற சின்ன நாடா, கடைசியில் நெஞ்சு. கால் மணி நேரம் கடைக்குள்ளேயே நடங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

மஞ்சக்குப்பம் அம்மா சொன்னது:

சென்னைக்கே போய் வாங்கிவிட்டோம். அவருக்கும் பையனுக்கும் 50 லிட்டர், எனக்கு 40, பெண்ணுக்கு 32, ஏற்றி இறக்குவது. அவள் எடுத்தது கத்தரிப்பூக் கலர். என் பெல்ட் அவளுக்குச் சேரவில்லை, நீங்கள் சொன்னது போலவே.

கடலூரில் ஏற மலைக்கு எங்கே போவது? சனிக்கிழமை சாயந்திரம் திருவந்திபுரம் போனோம். ஔஷதகிரியில் ஹயக்ரீவர் சன்னதிக்கு 74 படி. பையில் அரிசிப் பாக்கெட்டை முதுகையொட்டி நடுவில் வைத்து, சுற்றிலும் துணி அடைத்து, பத்துத் தடவை ஏறி இறங்கினோம். பரீட்சைக்காகப் பேனாவும் கையுமாக வந்த பிள்ளைகள் எல்லாம் எங்களையே பார்த்தார்கள். அடிவாரத்தில் பூ விற்கிற அம்மா, "ஏம்மா, வீட்டைக் காலி பண்ணிட்டீங்களா?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து பெண்ணின் பையை ஊருக்குப் போகிற மாதிரியே அடுக்கி எடை போட்டேன். 5.9 கிலோ. அரை கிலோ அதிகம். அவளைத் திட்டிக்கொண்டே ஒவ்வொன்றாக வெளியே எடுத்தால், அடியில் கண்ணாடி பாட்டிலில் எலுமிச்சை ஊறுகாய். வைத்தது நான்தான். இப்போது அது என் வீட்டுக்காரர் பையில் இருக்கிறது, அவருக்கு இன்னும் தெரியாது.